சினை ஊசி போடுகிறவன் கேட்கிறேன்: காட்டு விலங்கு ஆராய்ச்சிக்கும் குழந்தைக்கான சிகிச்சைக்கும் என்ன உறவு?

குப்பம்_ஊசிக்காரர்:

எல்லாருக்கும் வணக்கம். ஆந்திராவில் குப்பத்துக்குப் பக்கத்துக் கிராமம் எனக்கு. 16 வருஷமாக மாடுகளுக்குச் சினை ஊசி போடுகிறேன். அரசாங்கத் தாளில் கோபாலமித்ரா, எங்கள் தமிழ்த் தெருவில் ஊசிக்காரர். காலையில் மாடு பருவத்துக்கு வந்தால் சாயந்திரம் ஊசி, சாயந்திரம் வந்தால் மறுநாள் காலை. காளை விந்தை உறைய வைத்த மெல்லிய குழாயை, அதாவது ஸ்ட்ராவை, நைட்ரஜன் கேனிலிருந்து எடுத்து, 37 டிகிரி வெந்நீரில் அரை நிமிஷம் வைத்து, ஈரம் போகத் துடைத்து, ஊசி போடுகிற கருவியில் மாட்டுவது எனக்குத் தூக்கத்திலும் வரும்.

எங்களுக்குக் கல்யாணமாகி 11 வருஷம். குழந்தை இல்லை. "ஊரில் பாதிக் கன்று இவன் கையால் வந்தது, இவன் வீட்டில் தொட்டில் ஆடவில்லை" என்று என் காதுபடவே பேசுகிறார்கள். ஊர் வாயை மூட உலைமூடி ஏது. போன தை மாதம் எல்லை தாண்டிப் போய் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் சேர்ந்தோம்.

வீட்டுக்காரிக்கு முட்டை எடுக்கிற அன்று வராந்தாவில் உட்கார்ந்திருந்தேன். ஒரு பையன் தள்ளுவண்டியில் கேன் கொண்டுவந்தான். அதே அலுமினியம், அதே குறுகிய கழுத்து. மூடியைத் தூக்கினதும் மேலே போகாமல் தரையைப் பார்த்து இறங்குகிற அதே வெள்ளைப் புகை. எனக்கு என் வண்டியின் பின்சீட்டைப் பார்த்த மாதிரி இருந்தது. ஆசையாக, "இது நாங்கள் மாட்டுக்கு வைத்திருக்கிறதுதானே மேடம்?" என்று கேட்டுவிட்டேன். அங்கே இருந்த அம்மா முகத்தைச் சுளித்து, "மாட்டையும் மனுஷரையும் ஒண்ணாப் பேசாதீங்க" என்றார். நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். வீட்டுக்காரியிடம் இதைச் சொன்னபோது அவள் அழுதாள். "என்னை மாடுன்னு சொல்லிட்டாங்களா?" என்று கேட்டாள்.

எனக்குத் தெரிய வேண்டியது இதுதான். இந்த வித்தை முதலில் மாட்டுக்கு வந்ததா, மனுஷருக்கு வந்ததா? தெலுங்குப் பேப்பரில் காண்டாமிருகத்துக்குக்கூட டெஸ்ட் ட்யூப்பில் கரு வைத்தார்கள் என்று படித்தேன். அது எப்படி? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

நகரி_தறிவீடு:

தம்பி, முதலில் உங்கள் மனைவியிடம் இந்த அக்கா சொன்னதாகச் சொல்லுங்கள், அவர் அழ வேண்டியதே இல்லை. எனக்கு 9 வருஷம் கழித்துத்தான் பிள்ளை. கோயிலுக்குப் போனாலும் கல்யாணத்துக்குப் போனாலும் "ஏதாவது விசேஷம் உண்டா?" என்று கேட்டே கொன்றார்கள். அந்த அம்மா அப்படிப் பேசினது தப்பு. நீங்கள் கேட்டது நல்ல கேள்வி. டாக்டர் சார் இந்தப் பக்கம் வருவார், அவர் சொல்லட்டும்.

பலமனேர்_கால்நடை:

வந்துவிட்டேன் அம்மா. நான் ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவர். புங்கனூர்க் குட்டை மாட்டோடு பல வருஷம் இருந்தவன்.

ஊசிக்காரரே, நீங்கள் கேட்டதற்கு நேரடியான பதில்: மாடும் இல்லை, மனுஷரும் இல்லை, சேவல். 1940களின் கடைசியில் லண்டனில் கிறிஸ்டோபர் போல்ஜ் என்கிற இளைஞர் சேவல் விந்தை உறைய வைத்து, மறுபடி உயிரோடு எடுக்க முடியுமா என்று பார்த்துக்கொண்டிருந்தார். பழச் சர்க்கரைக் கரைசலில் போட்டுப் பார்த்தார், எல்லாம் செத்தது. சில மாதம் கழித்து, குளிர் அறையில் மிச்சமிருந்த பாட்டிலை எடுத்து மறுபடி செய்தால் உயிரோடு நீந்துகிறது! என்னடா இது என்று பாட்டிலைச் சோதித்தால் உள்ளே சர்க்கரையே இல்லை. கிளிசரால் இருந்தது. லேபிள் மாறிப்போயிருக்கிறது. 1949ல் அதை வெளியிட்டார்கள். அப்புறம் காளைக்கு வந்தது. 1953ல் அமெரிக்காவில் அயோவாவில், உறைய வைத்த மனித விந்தால் பெண்கள் கருத்தரித்தார்கள்.

உங்கள் ஸ்ட்ராவுக்குள் இருக்கிற கரைசலில் இன்றைக்கும் அந்தக் கிளிசரால் இருக்கிறது. ஆஸ்பத்திரியில் விந்தை உறைய வைக்கிற கரைசலிலும் இருக்கிறது. அந்தக் கேனைப் பார்த்து நீங்கள் சொந்தம் கொண்டாடினது நியாயம்தான்.

கருவை ஒரு வயிற்றிலிருந்து இன்னொரு வயிற்றுக்கு மாற்றுவது இன்னும் பழையது. 1890ல் இங்கிலாந்தில் வால்டர் ஹீப் ஓர் அங்கோரா முயலின் கருவை வேறு இன முயலுக்குள் வைத்தார். பிறந்த குட்டிகளில் இரண்டு, வெள்ளை வெளேரென்று நீள முடியோடு அங்கோராவாகவே வந்தன.

எம்ப்ரியோ_புத்தூர்:

சார் ஆரம்பித்துவிட்டார், நான் என் பக்கத்தைச் சொல்கிறேன். பிறந்தது புத்தூர், வேலை ஒரு கருத்தரிப்பு மையத்தின் லேபில். தினமும் முட்டையும் விந்தும் கையாளுகிறவள்.

அண்ணா, ஆண் பக்கம் குறை இருந்தால் ஒரே ஒரு விந்தணுவை ஊசியால் முட்டைக்குள் நேரே வைப்போம். இக்ஸி என்று உங்கள் பில்லில் இருக்கும். மனிதருக்கு அது கைகூடி வெளியே வந்தது 1992ல், பிரஸ்ஸல்ஸில். ஆனால் 1976லேயே ஹவாயில் யானகிமாச்சி என்கிற விஞ்ஞானியின் லேபில் ஹாம்ஸ்டர் முட்டைக்குள் அப்படி ஊசி போட்டுப் பார்த்துவிட்டார்கள். அதே வருஷம் இன்னொன்றும் அங்கிருந்து வந்தது. ஹாம்ஸ்டர் முட்டையின் மேல்உறையை நீக்கிவிட்டால் மனித விந்தணு அதற்குள் நுழையும், கரு வளராது. ஓர் ஆணின் விந்துக்கு முட்டையைத் துளைக்கிற வலு இருக்கிறதா என்று பார்க்க ஆஸ்பத்திரிகளில் அதைப் பல வருஷம் பரிசோதனையாகவே வைத்திருந்தார்கள். அந்த ஹாம்ஸ்டர் யார் வீட்டு வளர்ப்பும் இல்லை, காட்டுப் பிராணி. 1930ல் சிரியாவில் அலெப்போ பக்கம் வயல் வளையிலிருந்து தோண்டி எடுத்த ஒரு தாய், குட்டிகள், அந்த ஒரு குடும்பத்தின் வம்சம்தான் உலகத்து லேப் எல்லாம் பரவியது. கோதுமை வயல் எலி மாதிரி ஒன்று. அது இல்லாவிட்டால் எத்தனை வீட்டில் தொட்டில் ஆடியிருக்காது என்று நான் பலமுறை நினைத்ததுண்டு.

ஆனால் நான் சொல்ல வந்தது நம் ஊர் பிராணி ஒன்றைப் பற்றி. தேவாங்கு. தெலுங்கில் தேவாங்க பில்லி. ராத்திரி டார்ச் அடித்தால் இரண்டு தணல் மாதிரி கண் தெரியுமே, அதுதான். இந்தியாவில் ஆவணத்தோடு எல்லாரும் ஒப்புக்கொண்ட முதல் டெஸ்ட் ட்யூப் குழந்தை 1986 ஆகஸ்ட் 6ல் மும்பையில் பிறந்தது. டாக்டர் இந்திரா ஹிந்துஜாவோடு அதற்குப் பின்னால் நின்ற விஞ்ஞானி டி.சி. ஆனந்த குமார். அவர் எங்கே தொடங்கினார் தெரியுமா? 1960களில், எல்.எஸ். ராமசாமி என்கிற பேராசிரியரோடு சேர்ந்து, பெண் தேவாங்கின் இனப்பெருக்கச் சுழற்சியைப் படித்தவர். எப்போது பருவத்துக்கு வருகிறது, சினைப்பை எப்படி மாறுகிறது, எத்தனை நாள் சுமக்கிறது என்று உட்கார்ந்து கணக்கெடுத்தவர். தேவாங்கிலிருந்து குரங்கு, குரங்கிலிருந்து மனுஷி. ஒரே ஆளின் வாழ்க்கைக்குள்ளேயே உங்கள் கேள்விக்கான பதில் இருக்கிறது அண்ணா.

அவரைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1978 அக்டோபர் 3ல், உலகத்தின் முதல் டெஸ்ட் ட்யூப் குழந்தை இங்கிலாந்தில் பிறந்த கொஞ்ச நாளிலேயே, கல்கத்தாவில் டாக்டர் சுபாஷ் முகோபாத்யாய் ஒரு குழந்தையைக் கொண்டுவந்தார், அதுவும் உறைய வைத்த கருவிலிருந்து. அவரை நம்பவில்லை, விசாரணை வைத்து அவமானப்படுத்தினார்கள், 1981ல் உயிரை மாய்த்துக்கொண்டார். அவருடைய குறிப்புகளைப் படித்துவிட்டு, "முதல் பெருமை அவருடையது, என்னுடையது இல்லை" என்கிற பொருளில் 1997ல் வெளிப்படையாகச் சொன்னவர் இதே ஆனந்த குமார். தன் கிரீடத்தைத் தானே கழற்றி வைக்க எத்தனை பேருக்கு மனசு வரும்!

குப்பம்_ஊசிக்காரர்:

தேவாங்கா! எங்கள் புளியந்தோப்பில் பார்த்திருக்கிறேன். சின்ன வயசில் அதைப் பார்த்தாலே அம்மா கதவைச் சாத்துவாள். நல்ல சகுனம் இல்லையாம்.

காட்டோரம்:

நான் கௌண்டின்யா காட்டை ஒட்டி விவசாயம் செய்கிறவன். படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் எனக்கு ஒரு ஆதங்கம் உண்டு. யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

1980களில் யானைகள் தமிழ்நாடு, கர்நாடகப் பக்கமிருந்து இங்கே திரும்பி வந்தன. அதற்காகத்தான் 1990ல் சரணாலயமே அறிவித்தார்கள். ஆனால் இன்றைக்கும் எங்கள் கேழ்வரகும் தக்காளியும் போகிறது, கரன்ட் வேலியில் யானையும் போகிறது. செத்த யானையின் பக்கத்தில் மற்றதெல்லாம் விடிகிற வரைக்கும் நின்றதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். இருக்கிற யானைக்குப் போக வழி விடாமல், எங்கோ லேபில் விந்தை உறைய வைத்து என்ன பிரயோஜனம்? காண்டாமிருகத்துக்குக் கரு வைக்கிற பணத்தில் எத்தனை காடு காப்பாற்றலாம்?

பலமனேர்_கால்நடை:

உங்கள் ஆதங்கத்தோடு நான் பெரும்பாலும் ஒத்துப்போகிறேன். காடு இல்லாமல் கேனை மட்டும் வைத்துக்கொண்டு ஒன்றும் ஆகாது. வடக்கு வெள்ளைக் காண்டாமிருகத்தின் கதையே அதற்குச் சாட்சி. சூடான் என்கிற கடைசி ஆண் 2018 மார்ச்சில் கென்யாவில் செத்தது. மிச்சம் ஒரு தாய், ஒரு மகள். இரண்டாலும் சுமக்க முடியாது. 2019 ஆகஸ்டில் இரண்டிலிருந்தும் 10 முட்டை எடுத்தார்கள். விந்து, முன்னாலேயே உறைய வைத்தது. அந்த முறை கிடைத்த கரு 2. காடும் காவலும் முன்பே இருந்திருந்தால் இந்தப் பாடே தேவையில்லை.

ஆனால் இதில் ஊசிக்காரர் கேட்டதற்கான பதிலின் மறுபாதி இருக்கிறது. பெண்ணுக்கு ஸ்கேன் பார்த்துக்கொண்டே ஊசியால் முட்டை எடுக்கிற முறை 1980களில் ஆஸ்பத்திரியில் வந்தது. அதைப் பார்த்து அந்தப் பத்தாண்டின் கடைசியில் நெதர்லாந்தில் பசுவுக்குச் செய்தார்கள். பசுவிலிருந்து குதிரை, குதிரையிலிருந்து காண்டாமிருகம். அதன் சினைப்பை கைக்கு எட்டாத ஆழத்தில் இருப்பதால் மலக்குடல் சுவர் வழியாக நீள ஊசியை விடுகிறார்கள். முட்டைக்குள் விந்து வைப்பது இக்ஸிதான். அதாவது ஹாம்ஸ்டரிடமிருந்து மனுஷர் வாங்கினதை, மனுஷர் காண்டாமிருகத்துக்குத் திருப்பிக் கொடுக்கிறார்கள். 2023ல் தெற்கு வெள்ளைக் காண்டாமிருகக் கரு ஒன்றை ஒரு வாடகைத் தாய்க்கு வைத்து அது தங்கியது. பாவம், வெள்ளத்தில் மண்ணிலிருந்து கிளம்பின கிருமியால் தாய் செத்துப்போனது. வயிற்றுக்குள் 70 நாள் கரு, 6.4 சென்டிமீட்டர், ஆண்.

காட்டோரம் அண்ணனுக்கு இன்னொன்று. கிர் சிங்கங்களின் விந்தை 1987ல் பரிசோதித்தார்கள். மூன்றில் இரண்டு பங்கு விந்தணு கோணல் மாணல். ஆப்பிரிக்காவில் செரெங்கெட்டி சிங்கத்துக்குக் கால் பங்குதான். எண்ணிப் பார்த்தால் தெரியாத ஆபத்து மைக்ரோஸ்கோப்பில் தெரிந்தது, வெளி ரத்தம் கலக்காமல் ஒரே கூட்டத்துக்குள் சுற்றினதன் விளைவு அது. யானை வழித்தடம் வேண்டும் என்று நீங்கள் கேட்பதற்கு இதைவிடப் பலமான வாதம் எனக்குத் தெரியாது. ஆய்வு காட்டுக்கு எதிரி இல்லை.

காட்டோரம்:

அப்படிச் சொன்னால் சரி. வழித்தடம் கேட்கிற மனுவில் இதையும் எழுதுகிறேன்.

சித்தூர்_சௌந்தரம்:

மன்னிக்கவும், இதைப் படித்ததும் வயிற்றில் புளியைக் கரைக்கிறது. நான் என் தாய்மாமனையே கட்டிக்கொண்டவள். நாலு வருஷமாகத் தங்கவில்லை. சிங்கம் மாதிரி ரத்தம் கலக்காததால்தானா? அவருடைய ரிப்போர்ட்டில் "சரியான வடிவம் 4 சதவீதம்" என்று இருக்கிறது.

எம்ப்ரியோ_புத்தூர்:

அக்கா, பயப்படாதீர்கள். இரண்டையும் தனித்தனியாகப் பார்ப்போம்.

அந்த 4 சதவீதம், உலக சுகாதார நிறுவனம் 2010ல் வைத்த கீழ் எல்லையேதான். மிகக் கறாராகப் பார்க்கிற கணக்கு, துளி கோணல் இருந்தாலும் ஒதுக்கிவிடுவார்கள். சிங்கத்துக்குப் பார்த்த அளவுகோல் வேறு. இரண்டு எண்ணையும் பக்கத்தில் வைக்கவே கூடாது. இந்த ஒரு வரியைப் பார்த்துவிட்டு உங்கள் வீட்டுக்காரருக்குக் குறை என்று முடிவு கட்டவும் கூடாது.

உறவுமுறைக் கல்யாணமும் சிங்கக் கதையும் ஒன்றல்ல. அங்கே பல தலைமுறையாக ஒரே கூட்டம். உங்களுடையது, தாய்மாமன் என்றால் பிள்ளையின் மரபணுவில் எட்டில் ஒரு பங்கு இரண்டு பக்கமும் ஒரே மாதிரி அமைய வாய்ப்பு. மாமன் மகன், அத்தை மகள் என்றால் பதினாறில் ஒரு பங்கு. இதனால் முக்கியமாகக் கவனிக்க வேண்டியது பிள்ளைக்கு வரக்கூடிய பரம்பரை நோய்கள். கரு தங்காமல் கலைகிறது என்றால் இருவருக்கும் குரோமோசோம் பரிசோதனை செய்து, மரபணு ஆலோசகரை ஒருமுறை பாருங்கள். தயவுசெய்து உங்களையே குற்றம் சொல்லிக்கொள்ளாதீர்கள்.

இதைப் பொதுவாகவும் சொல்கிறேன். விலங்கில் கண்டது அப்படியே மனுஷருக்குப் பொருந்தாது. காளை விந்து கிளிசராலில் அழகாக உறையும், ஆசிய யானையினுடையது எளிதில் படியாது. ஒவ்வோர் உயிரும் தனித்தனியாகப் படிக்க வேண்டிய பாடம்.

நகரி_தறிவீடு:

யானை என்றதும் கேட்கிறேன். எனக்குக் கர்ப்பப்பையில் கட்டி இருந்தது. அது மிருகங்களுக்கும் வருமா டாக்டர் சார்?

பலமனேர்_கால்நடை:

வரும் அம்மா. மிருகக்காட்சிசாலையில் குட்டி போடாமலே வயசாகிற ஆசியப் பெண் யானைகளுக்கு உங்களுக்கு வந்த அதே நார்த்திசுக் கட்டி நிறைய வருகிறது. காட்டு யானை வாழ்நாளில் பெரும்பகுதி சுமந்துகொண்டோ பால் கொடுத்துக்கொண்டோ இருக்கும், அதனால் சுழற்சி குறைவு. அடைத்து வைத்ததற்கு 13 முதல் 18 வாரத்துக்கு ஒரு சுழற்சி, இடைவெளி இல்லாமல் வருஷக்கணக்கில் ஓடும். பெண்களிலும் பிள்ளை பெற்றவர்களுக்கு இந்தக் கட்டி வருவது குறைவு என்று தெரிந்ததுதான். ஏன் என்று புரிந்துகொள்ள யானையும் பெண்ணும் ஒன்றுக்கொன்று உதவுகிறார்கள்.

யானையிடம் ஓர் அதிசயமும் உண்டு. பெண்ணுக்கு எல்எச் ஹார்மோன் ஒருமுறை பொங்கும், முட்டை வெளியே வரும். யானைக்கு இருமுறை பொங்கும், நடுவில் சுமார் மூன்று வாரம். முதல் தடவை முட்டை வராது, இரண்டாவதில்தான் வரும். இது பிடிபட்டதும் என்ன ஆயிற்று? முதல் பொங்கலை ரத்தத்தில் பார்த்துவிட்டால், சரியாக இன்ன நாளில் ஊசி போடலாம் என்று மூன்று வாரம் முன்னாலேயே நாள் குறிக்க முடிந்தது. 1999ல் அமெரிக்காவில் சினை ஊசி மூலம் முதல் ஆசிய யானைக்குட்டி பிறந்தது. ஊசிக்காரரே, நீங்கள் சாயந்திரமா காலையா என்று பார்க்கிற அதே கணக்கு, கொஞ்சம் பெரிய அளவில்.

தமிழாசிரியை_வி.கோட்டா:

எனக்கு மருத்துவம் தெரியாது. ஆனால் அந்தத் தம்பியின் மனைவிக்கு ஒரு வார்த்தை. மாட்டுக்குச் 'சினை' என்கிறோம். ஸ்கேன் ரிப்போர்ட்டைத் தமிழில் சொல்லும்போது பெண்ணுக்கும் 'சினைப்பை', 'சினைமுட்டை' என்றுதானே சொல்கிறோம்? மீன் வயிற்றில் இருப்பதும் சினை, மரத்தின் கிளையும் சினை. இந்த மொழி எல்லா உயிருக்கும் ஒரே சொல்லைத்தான் வைத்திருக்கிறது. தொல்காப்பியத்தின் மரபியலில் மனிதக் குழந்தைக்கு உரிய 'குழவி' என்ற பெயரை யானைக் கன்றுக்கும் கொடுத்திருக்கிறது. மாட்டோடு சேர்த்துப் பேசினால் அதில் இழிவு எங்கே இருக்கிறது?

குப்பம்_ஊசிக்காரர்:

டீச்சரம்மா எழுதினதை வீட்டில் இரண்டு தடவை படித்துக் காட்டினேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை, போனை வாங்கித் தானே ஒருதடவை படித்தாள்.

போன வாரம் கரு வைத்துவிட்டார்கள். இரண்டு. வெள்ளிக்கிழமை ரத்தப் பரிசோதனை. நாள் நகர மாட்டேன் என்கிறது.

எம்ப்ரியோ_புத்தூர்:

நல்லபடியாக நடக்கட்டும் அண்ணா. அந்தப் பரிசோதனைக்கும் ஒரு விலங்கு உண்டு. 1930களிலிருந்து சில பத்தாண்டுகள் பெண்ணின் சிறுநீரை ஒரு தென்னாப்பிரிக்கத் தவளைக்கு ஊசியாகப் போடுவார்கள். முழுகாமல் இருந்தால் மறுநாளுக்குள் தவளை முட்டையிட்டிருக்கும். எந்த ஹார்மோன் தவளையை முட்டையிட வைத்ததோ, அதைத்தான் வெள்ளிக்கிழமை உங்கள் மனைவியின் ரத்தத்தில் அளக்கப்போகிறார்கள்.

குப்பம்_ஊசிக்காரர்:

அம்மாவிடம் நேற்று தேவாங்குக் கதையைச் சொன்னேன். மும்பையில் முதல் குழந்தையைக் கொண்டுவந்தவர் அதைத்தான் முதலில் படித்தார் என்றேன். ரொம்ப நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அது எத்தனை குட்டி போடும்?" என்று கேட்டாள். ஒன்று போடும், இரண்டும் போடும் என்றேன். சாப்பிட்டு முடித்ததும் டார்ச்சை எடுத்துக்கொண்டு, "தோப்புப் பக்கம் போயிட்டு வரலாமா?" என்றாள். போனோம். கண் எதுவும் தெரியவில்லை. இன்றைக்கும் போகலாம் என்று சொல்லியிருக்கிறாள்.

காலையில் பக்கத்து ஊரில் ஒரு மாடு பருவத்துக்கு வந்ததாகப் போன் வந்தது. இப்போது கிளம்பினால்தான் சரியாக இருக்கும். வெள்ளிக்கிழமை எழுதுகிறேன்.